ஆறு ஜோடி பூட்ஸும் ஒரு வாரிய நாற்காலியும்

கருங்கல் பக்கத்திலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறாள்:

"அண்ணே, நான் 400 மீட்டர் ஓடினவள். நாகர்கோவில் அண்ணா ஸ்டேடியத்தில் தொடங்கி மாநிலப் போட்டி வரைக்கும் போனேன். இப்போ மார்த்தாண்டத்தில் பிசியோதெரபிஸ்ட். இங்கிலாந்தில் ஒலிம்பிக் வீரர்களுக்குப் பணம் பகிர்ந்து கொடுக்கிற தேசிய அமைப்பு, வாரிய உறுப்பினர் வேண்டும் என்று விளம்பரம் போட்டு ஆள் எடுக்கிறதாகப் படித்தேன். நம்ம நாட்டில் அப்படி உண்டா? வந்தால் என்னைப் போல ஒருத்தி விண்ணப்பிக்கலாமா? இல்லை, ஆளை முடிவு பண்ணிவிட்டுப் பேருக்குத்தான் விளம்பரமா? உண்மையில் எதைப் பார்த்து எடுக்கிறார்கள்?"

பேருக்குத்தான் விளம்பரமா என்ற கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். பல தடவை ஆள் முடிவான பிறகுதான் விளம்பரம் வரும். மற்ற நேரங்களில் உண்மையாகவே தேடுவார்கள், ஆனால் யாரைத் தேடுகிறோம் என்று தேடுகிறவர்களுக்கே தெளிவிருக்காது. உனக்கு வழி இருப்பது அந்த இரண்டாவது வகையில். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நான் குளச்சலுக்கு மேற்கே ஒரு கடற்கரை ஊர்க்காரன். தொழில் கணக்குத் தணிக்கை. டெல்லியில் இருந்த காலத்தில் சில விளையாட்டுச் சங்கங்களின் கணக்குகளைப் பார்த்திருக்கிறேன். பிறகு ஓர் அமைப்பின் ஆட்சிக்குழுவில் நான்கு வருஷம் வெளியாளாக இருந்தேன். உறுப்பினர் எடுக்கும் குழுவில் மூன்று தடவை மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறேன். எந்த அமைப்பு என்று கேட்காதே, சொல்ல மாட்டேன்.

நீ படித்தது யு.கே. ஸ்போர்ட்டைப் பற்றியாக இருக்கும். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் பிரிட்டனுக்குக் கிடைத்தது ஒரே ஒரு தங்கம், பதக்கப் பட்டியலில் 36-ஆவது இடம். அந்தக் காலகட்டத்தில், 1997-இல், செயல்படத் தொடங்கிய அமைப்பு அது. லாட்டரிப் பணமும் அரசுப் பணமும் அதன் கைக்கு வரும். எந்த விளையாட்டுக்கு எவ்வளவு என்று அது பிரிக்கும். லண்டன் 2012-இல் 29 தங்கம், ரியோ 2016-இல் 27 தங்கத்தோடு பட்டியலில் இரண்டாம் இடம். இதுவரைக்கும் எல்லாரும் சொல்லுவார்கள். நீ கவனிக்க வேண்டியது இதற்கு அடுத்த பக்கம். 2014-இல் கூடைப்பந்து, வாட்டர் போலோ, ஒத்திசை நீச்சல் உட்பட ஏழு விளையாட்டுகளுக்குப் பணம் கிடையாது என்று முடிவெடுத்தார்கள். ரியோவில் பேட்மிண்டன் ஆடவர் இரட்டையரில் வெண்கலம் வாங்கிக்கொண்டு வந்தார்கள். வந்த சூடு ஆறுவதற்குள், அந்த டிசம்பரிலேயே, அடுத்த டோக்கியோ சுற்றுக்கு பேட்மிண்டனுக்கு ஒரு பென்னியும் இல்லை என்று அறிவிப்பு.

அந்த முடிவு சரியா தப்பா என்று அங்கே இன்றைக்கும் சண்டை போடுகிறார்கள். ஆனால் வாரிய வேலை என்றால் என்ன என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணம் எனக்குத் தெரியாது. உயர்நிலை விளையாட்டு அமைப்பில் உட்காருகிறவனுக்குப் பெரும்பாலும் ஒரே வேலைதான்: தகுதி இருக்கிற ஒருவரின் முகத்தைப் பார்த்து "உனக்கு இல்லை" என்று சொல்வது. கோப்பை கொடுக்கிற மேடை, கோட்டு, மாலை எல்லாம் வருஷத்தில் ஒரு நாள். இல்லை என்று சொல்ல வேண்டிய நாள்கள் மீதி அத்தனையும். நம்ம நாட்டில் 2014-இல் தொடங்கிய டாப்ஸ் திட்டத்தையே பார். ஒலிம்பிக் பதக்க வாய்ப்புள்ளவர்கள் என்று பட்டியல் போட்டு, முதன்மைப் பட்டியலில் இருப்பவர்களுக்குக் கைச்செலவுக்கு மட்டும் மாதம் 50,000 ரூபாய் கொடுக்கிறார்கள். வெளிநாட்டுப் பயிற்சி, கோச், கருவிகள் எல்லாம் தனி. பட்டியலில் சேர்ந்த செய்தி பேப்பரில் வரும். பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டவர்களையும் யாரோ ஒரு கூட்டத்தில் உட்கார்ந்துதானே எடுத்தார்கள்? அந்தக் கூட்டத்துக்குத்தான் ஆள் தேடுகிறோம்.

எங்கள் ஊர்க் கிளப்பில் நடந்ததைச் சொன்னால் இன்னும் விளங்கும். எண்பதுகளில் நடந்தது, நான் அப்போது பள்ளிக்கூடத்துப் பையன். கிளப் என்றால் பெரிய கட்டடம் ஒன்றுமில்லை. வலை பின்னுகிற ஓலைப் பந்தல், ஒரு தகரப் பெட்டி, பெட்டிக்குள் ரப்பர் வளையம் போட்ட ஒரு நோட்டு. அவ்வளவுதான். ஒரு போட்டியில் ஜெயித்த பரிசுப் பணத்தில் பூட்ஸ் வாங்கலாம் என்று முடிவாயிற்று. பணம் ஆறு ஜோடிக்குத்தான் வந்தது. அணியில் பதினோரு பேர், அதுவரைக்கும் பதினோரு பேரும் வெறுங்கால். மணலில் வெறுங்காலோடு எங்களை யாரும் ஜெயிக்க முடியாது, அது வேறு விஷயம். அடுத்த ஆட்டம் மேட்டுப் பகுதியில், செம்மண் கிரவுண்டில்.

கமிட்டியில் ஏழு பேர். ஐந்து பேருடைய பையன்கள் அணியில். ஆறாவது ஆளுடைய தங்கச்சி மகன் அணியில். ஏழாவது ஆள் என் அப்பா, பொருளாளர். அவருடைய அண்ணன் மகன் லெஃப்ட் விங். மூன்று ராத்திரி பேசினார்கள். பூட்ஸ் சாக்குப் பையிலேயே கிடந்தது. நாலாம் நாள், ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றலாகி வந்திருந்த ஒரு கணக்கு வாத்தியாரைக் கூப்பிட்டார்கள். தோவாளைப் பக்கத்துக்காரர். ஊரில் சொந்தம் கிடையாது, கடலும் தெரியாது, ஃபுட்பாலும் அவ்வளவாகத் தெரியாது.

அவர் ரெண்டு சாயங்காலம் கரையில் வந்து நின்று ஆட்டம் பார்த்தார். மூன்றாம் நாள் எல்லாப் பையன்களையும் வரிசையாக உட்கார வைத்து உள்ளங்காலைக் காட்டச் சொன்னார். யாருக்குக் கால் வெடித்திருக்கிறது, யார் அதிகம் ஓடுகிறான், யார் திரும்பித் திரும்பி வெட்டுகிறான் என்று கேட்டுக் கேட்டு நோட்டில் எழுதினார். நடுக்களத்தில் மூன்று பேர், டிஃபென்ஸில் ரெண்டு பேர், சென்டர் ஃபார்வர்டு ஒருத்தன் என்று ஆறு பெயர். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரு வரி காரணம். கோல்கீப்பருக்கு இல்லை. கமிட்டித் தலைவருடைய மகனுக்கு இல்லை. என் பெரியப்பா மகனுக்கும் இல்லை. எழுதி முடித்து, கீழே கையெழுத்துப் போட்டு, நோட்டை என் அப்பா கையில் கொடுத்துவிட்டுப் போனார். அடுத்த ஒரு வாரம் சாயாக்கடையில் அவருக்கு ஒருவரும் ஒரு சாயா சொல்லவில்லை.

சொந்தம் இல்லாதவர். நேரில் வந்து பார்த்தவர். தெரியாததைக் கேட்டுத் தெரிந்துகொண்டவர். காரணத்தை எழுதி வைத்தவர். சாயா கிடைக்காது என்று தெரிந்தே செய்தவர். இன்றைக்கு உலகம் முழுக்க இதைச் 'சுயேச்சை உறுப்பினர்' என்று சொல்கிறார்கள். பிரிட்டனில் அரசுப் பணம் பெரிய அளவில் வாங்குகிற விளையாட்டு அமைப்புகளுக்கு 2017 முதல் ஒரு நிர்வாக நெறிமுறை இருக்கிறது. வாரியத்தில் பன்னிரண்டு பேருக்கு மேல் கூடாது, நாலில் ஒரு பங்காவது சுயேச்சையாக இருக்க வேண்டும், பொதுவாக ஒன்பது வருஷத்துக்கு மேல் யாரும் உட்காரக் கூடாது என்று அது சொல்கிறது. எங்கள் ஓலைப் பந்தலுக்குத் தெரிந்த விஷயத்தைச் சட்ட மொழியில் எழுதியிருக்கிறார்கள், வேறொன்றுமில்லை.

இனி நம்ம நாட்டுக்கு வருவோம். இங்கே மூன்று வழிகள் இருக்கின்றன. எல்லாரும் அவற்றைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்.

முதல் வழி தேர்தல். கால்பந்து, தடகளம், ஹாக்கி என்று ஒவ்வொன்றுக்கும் இருக்கிற தேசியச் சம்மேளனங்களுக்கு ஆள் எடுப்பது கிடையாது, ஓட்டுத்தான். ஓட்டுப் போடுகிறவர்கள் மாநிலச் சங்கங்கள். 2022 செப்டம்பரில் அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனத் தலைவர் தேர்தலில் பைச்சுங் பூட்டியா நின்றார். இந்த நாட்டில் பந்து தொட்ட ஒவ்வொரு பிள்ளைக்கும் தெரிந்த பெயர். கிடைத்தது ஒரு ஓட்டு. எதிரே நின்ற கல்யாண் சௌபேக்கு 33. சௌபேயும் கோல்கீப்பராக ஆடியவர்தான், நான் அவரைக் குறை சொல்ல வரவில்லை. நம்ம கத்தோலிக்கக் கோயில்களில் நடக்கிற பங்குப் பேரவைத் தேர்தல் மாதிரிதான். அக்கம்பக்கத்து வீடுகள் சேர்ந்த குழுவான அன்பியம் ஒவ்வொன்றிலிருந்தும் பிரதிநிதி வந்து, அந்தப் பிரதிநிதிகள் கூடி ஓட்டுப் போடும்போது, கோயிலில் நன்றாகப் பாடுகிறவன் என்பதற்காக ஒருவனும் செயலாளராக வருவதில்லை. வீடு வீடாகப் போனவன்தான் வருவான்.

இந்த வழியைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தத்தான் 2025 ஆகஸ்ட்டில் தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. நிர்வாகக் குழுவில் 15 பேருக்கு மேல் கூடாது. அதில் சிறப்பாகச் சாதித்த வீரர்கள் குறைந்தது இரண்டு பேர், வீரர்களின் குழுவிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டு வருகிறவர்கள் இரண்டு பேர், பெண்கள் குறைந்தது நான்கு பேர். தலைவர், பொதுச்செயலாளர், பொருளாளர் தொடர்ந்து மூன்று முறை இருக்கலாம், அதிகபட்சம் 12 வருஷம். பிறகு ஒரு சுற்று ஒதுங்கி நிற்க வேண்டும். நான்கு பெண்கள் என்ற விதியைத்தான் நீ நன்றாகப் பார்த்து வைக்க வேண்டும், அதற்குப் பிறகு வருகிறேன்.

இரண்டாவது வழி அரசு நியமனம். இந்திய விளையாட்டு ஆணையம், மேலே சொன்ன சட்டத்தில் வருகிற தேசிய விளையாட்டு வாரியம் எல்லாம் அந்த வகை. வாரியத்துக்கு ஆள் தேட ஒரு தேடல்-தேர்வுக் குழு உண்டு, நியமிப்பது மத்திய அரசு. அனுபவப்பட்ட நிர்வாகிகளையும் அதிகாரிகளையும்தான் இங்கே முதலில் பார்ப்பார்கள். இப்போதைக்கு உனக்கு அது தூரம். மூன்றாவதுதான் நீ கேட்ட வழி. விளம்பரம், விண்ணப்பம், நேர்காணல். பிரிட்டனில் யு.கே. ஸ்போர்ட் உறுப்பினர்களை நியமிப்பதும் கடைசியில் அமைச்சர்தான், அதை மறக்காதே. ஆனால் அதற்கு முன்னால் பொது அறிவிப்பும், விண்ணப்பங்களை மதிப்பிடுகிற ஒரு குழுவும், அந்தக் குழுவில் துறைக்கு வெளியேயான ஒருவரும் இருக்க வேண்டும் என்று எழுதப்பட்ட நடைமுறை இருக்கிறது. நம் பக்கத்தில் இது அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான். சில அமைப்புகளின் துணைக் குழுக்கள், அறக்கட்டளைகள், பயிற்சி மையங்களின் ஆலோசனைக் குழுக்கள் இப்படி எடுக்கின்றன. நான் உட்கார்ந்திருந்ததும் அப்படி ஒன்றில்தான்.

ஒழுங்காக நடந்தால் வேலை விளம்பரத்துக்கு ரொம்ப முன்னாலேயே தொடங்கிவிடும். ஒரு பெரிய தாளை எடுத்து, மேலே வரிசையாக வாரியத்துக்கு வேண்டிய அறிவுகளை எழுதுவோம்: உயர்நிலைப் பயிற்சி, விளையாட்டு மருத்துவம், பணக் கணக்கு, சட்டம், வீரர் பாதுகாப்பு, மாற்றுத்திறனாளி விளையாட்டு, ஊக்கமருந்துத் தடுப்பு, தரவு, நிதி திரட்டல். இடப் பக்கம் இப்போதிருக்கிற உறுப்பினர்களின் பெயர். கட்டத்துக்குக் கட்டம் டிக் போடுவோம். முதல் தடவை நாங்கள் இதைச் செய்தபோது பத்துப் பேரில் ஆறு பேருக்கு 'நிதி திரட்டல்' என்ற கட்டத்தில் டிக் விழுந்தது. 'வீரர் பாதுகாப்பு' என்ற கட்டம் மேலிருந்து கீழ்வரை வெறுமையாகக் கிடந்தது. தலைவர் அதைப் பார்த்துவிட்டு, "அது கோச்சுகள் பார்த்துப்பாங்க" என்றார். அந்த வாக்கியம் இன்றைக்கும் என் காதில் கிடக்கிறது. பிரிட்டனில் ஜிம்னாஸ்டிக்ஸ் பிள்ளைகள் பட்ட பாட்டை விசாரித்த வைட் அறிக்கை 2022-இல் வெளிவந்தது, 400-க்கும் மேற்பட்டவர்கள் சாட்சியம் கொடுத்திருந்தார்கள். அங்கேயும் கோச்சுகள்தான் பார்த்துக்கொண்டார்கள். பதக்கம் வருகிறதா என்று மட்டும் கேட்கிற வாரியத்துக்கு, பிள்ளை பட்டினி கிடக்கிறாளா, அடிபட்ட காலோடு ஓட விடுகிறார்களா என்று கேட்கத் தோன்றாது. அதைக் கேட்கத் தெரிந்த ஒருத்தி மேசையில் இருக்க வேண்டும். பிசியோ மேசையில் படுத்துக்கொண்டு பிள்ளைகள் சொல்வதை நீ கேட்டிருப்பாய். கோச்சிடமும் அம்மாவிடமும் சொல்லாததை உன்னிடம் சொல்லியிருப்பார்கள்.

வெற்றுக் கட்டத்திலிருந்துதான் விளம்பரம் எழுத வேண்டும். ஆனால் பெரும்பாலும் 'விளையாட்டில் ஆர்வமும் சமூகத்தில் மதிப்பும் உள்ளவர்கள் விண்ணப்பிக்கலாம்' என்று எழுதிவிடுவார்கள். அப்படி வந்தால் பக்கத்தைத் திருப்பிவிடு. ஆளை முடிவு பண்ணிவிட்டார்கள் என்பதற்கு முதல் அடையாளம் அந்தப் பொத்தாம்பொதுவான வாசகம்தான். இரண்டாவது அடையாளம், விண்ணப்பிக்க ஏழெட்டு நாள் மட்டும் கொடுப்பது. மூன்றாவது, வருஷத்துக்கு எத்தனை நாள் வேலை, எங்கே கூட்டம், பயணப்படி யார் கொடுப்பது என்று ஒன்றும் சொல்லாமல் இருப்பது. உண்மையாகத் தேடுகிறவனுக்கு இதெல்லாம் சொல்லாமல் இருக்க முடியாது.

நேர்காணலில் பெரிய பெயர்கள் வரும்போது குழுவே எழுந்து நிற்கும். நானும் நின்றிருக்கிறேன், வெட்கமாக இருக்கிறது. ஒரு தடவை பழைய நட்சத்திரம் ஒருவரை எடுத்தோம். கேள்வியே கேட்கவில்லை, பாதி நேரம் அவருடைய பழைய ஃபைனலைப் பற்றித்தான் பேசினோம். முதல் கூட்டத்துக்கு வந்தார், ஃபோட்டோ எடுத்துக்கொண்டோம். அதற்குப் பிறகு வந்ததெல்லாம் அவருடைய மன்னிப்புக் கடிதங்கள்தான். அதற்காக வீரர்களே வேண்டாம் என்று சொல்லவில்லை. யு.கே. ஸ்போர்ட்டுக்கு 2017-இல் தலைவராக வந்த கேத்தரின் கிரெய்ஞ்சர் துடுப்புப் படகில் ஐந்து ஒலிம்பிக் பதக்கம் வாங்கியவர். சட்டத்தில் முனைவர் பட்டமும் வாங்கியவர். ஒரே விளையாட்டில் நான்கு வெள்ளியும் ஒரு தங்கமும் வாங்கினவருக்கு, நூலிழையில் தவறுவது என்றால் என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சட்டம் படித்தவருக்குக் காரணத்தை எழுதி வைக்கவும் தெரியும். இந்த இரண்டும் ஒரே ஆளிடம் அபூர்வமாகத்தான் கிடைக்கும். கிடைக்காவிட்டால் இரண்டு ஆளாக எடுக்க வேண்டும்.

தொழில் ஆட்களை எடுத்தாலும் ஆபத்து இல்லாமல் இல்லை. ஒரு கூட்டத்தில், ஒரு டாக்சி பில்லில் தேதி சரியில்லை என்று ஒரு உறுப்பினர் இருபது நிமிஷம் வாதாடினார். அடுத்து வந்த பொருள், வெளிநாட்டுப் பயிற்சியாளரின் நான்கு வருஷ ஒப்பந்தம். அந்த அமைப்பின் மிகப் பெரிய செலவு அது. யாருக்கும் பொறுமை மிச்சமில்லை. நாலு நிமிஷத்தில் பாஸ் ஆயிற்று. ஒன்றரை வருஷத்தில் அந்தப் பயிற்சியாளர் ஊருக்குப் போய்விட்டார், ஒப்பந்தப்படி மீதிப் பணத்தைக் கொடுக்க வேண்டியதாயிற்று. அந்த டாக்சி பில் உறுப்பினர் வேறு யாருமில்லை, நான்தான்.

அதற்குப் பிறகு நான் ஆள் எடுக்க உட்கார்ந்தபோது ஒரே ஒரு கேள்வியைத்தான் நம்பினேன். "இதோ நூறு ரூபாய். நாலு வருஷமாக நீச்சலுக்குக் கொடுத்துவந்தோம், ஒருத்தரும் ஃபைனலுக்குப் போகவில்லை. வில்வித்தையில் மூன்று சின்னப் பிள்ளைகள் நன்றாக வருகிறார்கள். நீங்கள் என்ன செய்வீர்கள்?" பலர் உடனே பிரித்துவிடுவார்கள்: அறுபது நாற்பது, எண்பது இருபது. ஒரு ஓய்வுபெற்ற நர்ஸ் அம்மா மட்டும் பணத்தைத் தொடவே இல்லை. "நீச்சல்காரங்க நாலு வருஷத்துக்கு முன்னாடி என்ன செய்யுறோம்னு எழுதிக் கொடுத்தாங்க? அந்தக் காகிதம் இருக்கா? நடுவுல எத்தனை பேருக்கு அடிபட்டுச்சு? நிறுத்துனா அந்தப் பிள்ளைங்க எங்க போவாங்க, யாரு அவங்ககிட்ட போய்ச் சொல்லுவா?" என்று கேட்டார். நாலாவது கேள்விதான் என்னைப் பிடித்தது. யார் போய்ச் சொல்வது என்று அதற்கு முன்னால் ஒருவரும் கேட்டதில்லை. அவரை எடுத்தோம். விளையாட்டுக்கும் அவருக்கும் ஸ்நானப்ராப்தி கிடையாது.

நலன் முரண், அதாவது முடிவெடுக்கிறவருக்கே அந்த முடிவில் சொந்த ஆதாயம் இருப்பது என்ற சமாச்சாரத்தை நம் ஆட்கள் அவமானமாக எடுத்துக்கொள்கிறார்கள். "என்மேல சந்தேகமா?" என்று கேட்பார்கள். என் அப்பாவுக்கும் முரண் இருந்தது, அண்ணன் மகன் அணியில் ஆடினான். முரண் இருப்பது குற்றமே இல்லை. பந்தலுக்குள் உட்கார்ந்துகொண்டே அதை மறைத்திருந்தால்தான் குற்றம். நீயும் இப்போதே ஒரு தாளில் எழுது. உன் கிளினிக்குக்கு எந்தக் கோச் ஆள் அனுப்புகிறார்? குடும்பத்தில் யாராவது அகாடமி நடத்துகிறார்களா? எந்தக் கம்பெனியின் கருவியை வாங்கச் சொல்லிப் பரிந்துரைக்கிறாய்? கேட்பதற்கு முன்னால் நீயே கொடுத்துவிடு. என் அனுபவத்தில், அந்தத் தாளோடு வந்தவர்களுக்கு நான் ஒரு மார்க் கூடுதலாகப் போட்டிருக்கிறேன்.

'நான் ஒரு மூலையில் இருக்கிறேன், என்னை யார் பார்ப்பார்கள்' என்று நீ நினைப்பது எனக்குத் தெரியும். மூலை என்பது உண்மைதான். நிஜாமுதீனுக்குத் திருக்குறள் எக்ஸ்பிரஸ் வாரத்துக்கு இரண்டு நாள், இரண்டு ராத்திரிப் பயணம். விமானம் என்றாலும் திருவனந்தபுரம் போய்த்தான் ஏற வேண்டும். ஆனால் இந்த மூலையிலிருந்து ஆட்டக்காரர்கள் போகிறார்கள். இரவிபுத்தன்துறை மைக்கேல் சூசைராஜ் ஐ.எஸ்.எல். என்கிற இந்தியன் சூப்பர் லீக் கால்பந்து வரை போனார், 2019-20-இல் கோப்பை வாங்கிய கொல்கத்தாவின் ஏ.டி.கே. அணியில் இருந்தார். ஆட்டக்காரர்களை அனுப்புகிற ஊர், முடிவெடுக்கிற மேசைக்கு ஆள் அனுப்பாமல் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கும் இந்த மாவட்டத்திலேயே சாட்சி உண்டு. கடையாலுமூட்டைச் சேர்ந்த சமீஹா பர்வீன், காது கேளாதோர் தடகளத்தில் நீளம் தாண்டுகிற வீராங்கனை. 2021-இல் போலந்தில் நடந்த உலகப் போட்டிக்குத் தகுதி இருந்தும் பட்டியலில் பெயர் இல்லை. தகுதி பெற்றவர்களில் பெண் ஒருத்திதான், தனியாக அனுப்ப முடியாது என்பது காரணம். அவரைச் சேர்க்கச் சொல்லி உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட வேண்டியிருந்தது. நானாக யோசித்துப் பார்க்கிறேன்: அந்தப் பட்டியல் போட்ட மேசையில், பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வெளியூர் போட்டிக்குப் போய்ப் பழகிய நாலு பெண்கள் இருந்திருந்தால் "துணைக்கு நான் போகிறேன், டிக்கெட் போடுங்கள்" என்று ஒருத்தியாவது சொல்லியிருக்க மாட்டாளா? நான்கு பெண்கள் என்ற விதியை நன்றாகப் பார்த்து வை என்று சொன்னது இதனால்தான். பெண்கள் வேண்டும் என்று சட்டம் வந்த பிறகு தேடுவார்கள். தேடும்போது தலைவர் வீட்டு மருமகள்தான் முதலில் கண்ணில் படுவார். உன் பெயர் அதற்கு முன்னால் எங்காவது எழுத்தில் இருக்க வேண்டும்.

அதற்கு டெல்லிக்கு நேராகப் போக வேண்டாம். மாவட்டத் தடகளச் சங்கத்திலோ, ஏதாவது ஒரு விளையாட்டுச் சங்கத்திலோ பொதுக்குழுவுக்குப் போ. பொறுப்புக் கேட்காதே, கூட்டத்தில் நடந்ததைப் பதிவு செய்கிற மினிட் புக் எழுதுகிற வேலையைக் கேள். அதற்கு ஒருவரும் போட்டிக்கு வர மாட்டார்கள், நான் உத்தரவாதம். இரண்டு வருஷம் எழுதினால் ஒரு முடிவு எப்படிப் பிறக்கிறது, எப்படி மறைகிறது, 'ஏகமனதாக' என்ற சொல்லுக்குள் எத்தனை சண்டை கிடக்கிறது எல்லாம் தெரிந்துபோகும். கணக்குத் தெரியாவிட்டால் வரவு செலவு அறிக்கை படிக்க ஒரு மாசம் ஒதுக்கு. நானே சொல்லித் தருகிறேன், நாகர்கோவில் வந்தால் போதும். ஒரு போட்டிக்கு மருத்துவப் பொறுப்பு எடுத்து, அடிபட்டவர்கள் பட்டியலையும் காரணத்தையும் எழுதி, சங்கத்துக்கு ஒரு பிரதி கொடு. படிக்க மாட்டார்கள். பரவாயில்லை, உன்னிடம் ஒரு பிரதி இருக்கும்.

சம்பளம் என்று பெரிதாக எதிர்பார்க்காதே. பல இடங்களில் பயணப்படியும் அமர்வுப்படியும்தான். கூட்டத்துக்கு முன்னால் இருநூறு முந்நூறு பக்கம் அனுப்புவார்கள், படிக்க இரண்டு முழு நாள் வேண்டும். கிளினிக்கை மூடிவிட்டு அதற்கு உட்கார முடியுமா என்று வீட்டில் பேசிக்கொள். முடியாது என்றால் இப்போதே விட்டுவிடு. படிக்காமல் கூட்டத்துக்கு வருகிறவர்களால் வந்த கேடு, திருடுகிறவர்களால் வந்த கேட்டைவிட அதிகம் என்பது நான் கணக்குப் பார்த்த வரையில் தெரிந்தது.

விளம்பரம் ஒன்று கண்ணில் பட்டால், விண்ணப்பத்தை அனுப்புவதற்கு முன் எனக்கு ஒரு தடவை காட்டு. மெடல்களையும் சர்டிஃபிகேட்டுகளையும் கடைசிப் பக்கத்துக்குத் தள்ளு. முதல் பக்கத்தில், நீ யாருக்காவது "இல்லை" என்று சொன்ன ஒரு சம்பவத்தை எழுது: தசைநார் கிழிந்த காலோடு ஓடியே தீருவேன் என்று வந்த பிள்ளையை நீ எப்படித் தடுத்தாய், கோச் என்ன சொன்னார், அப்பா என்ன சொன்னார், பிறகு என்ன ஆயிற்று. அப்படி ஒன்றாவது உன் கிளினிக்கில் நடந்திருக்கும். அரைப் பக்கம் போதும்.